கால் தடுமாறாதிருக்கக் கும்மியும் கோலாட்டமும்

அங்கத்தினர் படிப்பு வட்டத்துக்கான பாடம்

பழவேற்காடு ஏரி ஆழம் குறைந்தது. கழியை ஊன்றிப் படகு செலுத்துவது எளாவூர்ப் பக்கத்து ஏரிக்கரை ஊர்களில் பழகிய காட்சி. படகின் முனையில் நின்று, கழியைச் சேற்றில் ஊன்றி, உடலைச் சாய்த்துத் தள்ளி, மீண்டும் நிமிரும் மீனவரை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். படகு ஆடுகிறது, அவர் ஆடுவதில்லை. காற்று மாறினாலும், வலை கனத்தாலும், அவருடைய கால்கள் தாமாகவே இடமறிந்து நிற்கின்றன.

அதே மீனவர் முதுமையில் தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் அமர்கிறார். சில ஆண்டுகள் செல்கின்றன. ஒரு நாள் விடியற்காலையில் திண்ணையிலிருந்து இறங்கும்போது தடுமாறி விழுகிறார். ஆடும் படகில் விழாதவர் ஆடாத தரையில் விழுவானேன்? இவ்வினாவுக்கு விடை காண்பதும், விழாதிருக்க நம் ஊர் ஆட்டங்களை எவ்வாறு பயன்படுத்தலாம் என்று ஆராய்வதுமே இப்பாடத்தின் நோக்கம்.

விழுதல் சிறிய செய்தியன்று

'வயதானால் விழத்தான் செய்வார்கள்' என்று சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கம். அவ்வாறு தள்ளிவிடத்தக்க செய்தியன்று இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்ததன் விளைவாக உயிரிழக்கின்றனர். தற்செயலாக நேரும் காயங்களால் விளையும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுதலுக்கே உரியது. இவ்வாறு மாள்பவருள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் நம்முடையதைப் போன்ற, வருமானம் குறைந்த அல்லது நடுத்தரமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் 60 வயதைக் கடந்தோரே மிகுதி.

உயிர் தப்பினாலும் துன்பம் தீர்வதில்லை. இடுப்பெலும்பு முறிந்த ஒருவரைப் பேண வீட்டில் இன்னொருவர் வேலையை விட்டு இருக்க நேர்கிறது. நெசவுக் குடும்பத்தில் அது ஒரு தறி நிற்பதற்குச் சமம். உழவர் குடும்பத்தில் ஒரு போகத்தின் கூலியை இழப்பதற்குச் சமம். இன்னொரு தீங்கும் உண்டு. ஒருமுறை விழுந்தவர் மறுபடியும் விழுவோமோ என்று அஞ்சி நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறார். நடமாட்டம் குறையவே கால் மேலும் மெலிகிறது. மெலிந்த கால் மீண்டும் தடுமாறுகிறது. இச்சுழலில் அகப்பட்டவரை வெளியே கொண்டுவருவது கடினம். அகப்படாமல் காப்பது அதனினும் எளிது.

உடல் நிலைபெறும் விதம்

கொத்தனார் சுவரின் செம்மையைத் தூக்குக்குண்டு கட்டிச் சோதிப்பார். நம் உடலுக்கும் அத்தகைய தூக்குநூல் ஒன்று உண்டு எனக் கொள்வோம். நாம் நிமிர்ந்து நிற்கையில் உடலின் எடை முழுவதும் தொப்புளுக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகக் கருதலாம். அப்புள்ளியிலிருந்து தொங்கும் நூல் இரு பாதங்களும் அவற்றின் இடைவெளியும் சேர்ந்த பரப்பினுள் விழும்வரை நாம் நிற்போம். அப்பரப்பை விட்டு விலகினால் உடனே ஒரு காலை மாற்றி வைத்தாக வேண்டும், இல்லையேல் விழவேண்டும்.

இந்நூல் விலகாதபடி மூன்று காவலர் பணியாற்றுகின்றனர். முதலாவது கண். தரை எங்கே, சுவர் எங்கே என்பதை அது காட்டுகிறது. இரண்டாவது உட்செவி. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழல்களில் நிறைந்த நீர்மம், தலை திரும்பும்போது அசைந்து, திரும்பிய திசையை மூளைக்கு அறிவிக்கிறது. மூன்றாவது காவலர் பாதத்திலும் மூட்டுகளிலும் இருக்கிறார். மண் சரிவா சமமா, கணுக்கால் எவ்வளவு மடிந்துள்ளது என்பவற்றை அவர் உரைக்கிறார். இம்மூவர் தரும் செய்திகளையும் சிறுமூளை ஒப்புநோக்கித் தசைகளைத் திருத்துகிறது. இவை யாவும் நாம் எண்ணிப் பார்ப்பதற்குள் நிகழ்ந்து முடிந்துவிடும்.

முதுமையில் மூன்று காவலரும் மெல்ல மெல்லத் தளர்கின்றனர். தொடைத் தசையும் கணுக்கால் தசையும் மெலிகின்றன. மூளையின் ஆணை காலுக்குச் சேர்வதிலும் தாமதம் உண்டாகிறது. சர்க்கரை நோய் முற்றியவர்க்குப் பாதம் மரத்துப் போவதுண்டு. இருட்டில் கண்ணும் உதவாது. மூவரில் இருவர் உறங்கிவிட்டால் மூன்றாமவர் ஒருவரே எப்படிக் காப்பார்? விடியற்காலையில் திண்ணையிலிருந்து இறங்கியவர் விழுந்ததற்கு ஒரு காரணம் இதுவே.

நம் நிலையை நாமே சோதித்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. சுவரருகே நின்று, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க முடிகிறதா என்று பார்க்கலாம். பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரிடம் இச்சோதனை நடத்தப்பெற்று, அதன் முடிவு 2022-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஏறத்தாழ ஐவரில் ஒருவரால் அவ்வாறு நிற்க முடியவில்லை. அவர்களிடையே பின்வந்த ஆண்டுகளில் மரணமும் மிகுந்திருந்தது. ஒற்றைக் காலில் நிற்க முடியாமையே மரணத்துக்குக் காரணம் என்று இதற்குப் பொருளன்று. உடலின் பொதுநிலைக்கு அது ஓர் அடையாளம் என்றே கொள்ளவேண்டும்.

தொழில் தரும் பயிற்சி

'நாங்கள் உழைப்பாளிகள், எங்களுக்கு எதற்குத் தேகப்பயிற்சி?' என்று அங்கத்தினர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாற்று நடும் பெண் சேற்றில் பின்னோக்கி அடிவைத்துச் செல்கிறாள். ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண், காணாத தரையைப் பாதத்தால் கண்டு நடக்கிறாள். வீச்சுவலை எறிபவர் இடுப்பைத் திருப்பி எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுகிறார். இவையெல்லாம் சமநிலைக்கு உயர்ந்த பயிற்சிகளே என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, தொழில் எதைக் கேட்கிறதோ அதை மட்டுமே பழக்குகிறது. குழித்தறியில் அமர்ந்திருப்பவரின் கால்கள் மிதிகட்டைகளை மிதிக்கின்றன, கைகள் ஓய்வதில்லை. ஆனால் உடலின் எடை இருக்கையின்மீதே நாள் முழுதும் தங்கியிருக்கிறது. நின்று தடுமாறி நிமிரும் வாய்ப்பு நெசவாளர்க்கு வேலைநேரத்தில் கிட்டுவதேயில்லை. இரண்டாவது குறை பெரிது. தொழிலை விட்ட அன்றே அத்தொழில் தந்த பயிற்சியும் நின்றுவிடுகிறது. படகிலிருந்து இறங்கிய மீனவருக்கு நேர்ந்தது இதுதான். அவர் கால்கள் பல்லாண்டு கற்ற பாடத்தை, ஒப்புவிக்க ஆளில்லாமல் மறந்துவிட்டன. ஆகவே தொழில் நின்ற பிறகும் நில்லாத பயிற்சி ஒன்று வேண்டும். அது செலவற்றதாகவும், மனம் விரும்புவதாகவும், பலர் கூடிச் செய்வதாகவும் இருத்தல் நலம். அத்தகைய பயிற்சி நம் ஊர்களில் முன்பே உண்டு.

ஆட்டத்தில் அடங்கிய பயிற்சி

கும்மி: வட்டமாக நின்று, குனிந்து கொட்டி, நிமிர்ந்து கொட்டி, பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கிறோம். ஒவ்வோர் அடியிலும் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்குச் செல்கிறது. குனிந்து நிமிரும்போது தலையின் நிலை மாறுவதால் உட்செவிக்கு வேலை உண்டாகிறது. முழங்கால் மடிந்து நீள்வதால் தொடை வலுக்கிறது.

கோலாட்டம்: தன் கோலைத் தானே தட்டி, அடுத்தவர் கோலை வலத்திலும் இடத்திலும் தட்டவேண்டும். கை உடலைக் கடந்து எட்டும்போது இடுப்பு திரும்புகிறது, கால் தாங்குகிறது. அதே நேரத்தில் தாளத்தையும் எண்ணவேண்டும். வீட்டில் விழுபவர் பலர் வேறொன்றை நினைத்துக்கொண்டோ, யாருக்கேனும் விடை சொல்லிக்கொண்டோ நடக்கும்போதுதான் விழுகின்றனர். மனம் ஒன்றில் இருக்கக் கால் தன் வேலையைத் தவறாமல் செய்யக் கோலாட்டம் பழக்குகிறது.

பின்னல் கோலாட்டம்: மேலிருந்து தொங்கும் வண்ணக் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பற்றி, ஒருவரை உள்ளாகவும் அடுத்தவரை வெளியாகவும் கடந்து ஆடுகையில் கயிறுகள் சடைபோலப் பின்னிக்கொள்ளும். திரும்பி ஆடினால் பின்னல் அவிழும். பாவும் ஊடையும் அறிந்த நெசவாளர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓர் அடி பிசகினால் பின்னல் முழுதும் சிக்கலாகும் என்பதால், எதிர்வருபவரைப் பார்த்து வழிமாற்றி நடக்கும் திறன் இதில் வளர்கிறது.

ஒயிலாட்டம்: தென் மாவட்டங்களில் சிறந்து விளங்கும் இவ்வாட்டத்தில், கையில் கைக்குட்டை ஏந்தி, வரிசையாக நின்று, ஒரே சீராக அடிவைப்பர். வரிசையாக முன்னும் பின்னும் நகரும் இம்முறை நமக்குப் பயன்படும். பின்னோக்கி அடிவைக்கும் பழக்கம் இல்லாதவரே, பின்புறம் சாயும்போது காலை மாற்றி வைக்கத் தெரியாமல் விழுகின்றனர்.

கரகம்: தலையிலுள்ள குடம் விழாதபடி உடலை நிமிர்த்தி, அசைவை எல்லாம் இடுப்புக்கும் முழங்காலுக்கும் தள்ளுவது கரகாட்டத்தின் நுட்பம். இது நீண்டகாலப் பயிற்சிக்குரியது. முதியோர் குடத்தை எடுக்கவேண்டாம். சும்மாட்டை மட்டும் தலையில் வைத்து நேராக நடந்தாலே போதும், விழுந்தாலும் கேடில்லை.

ஆராய்ச்சி கூறுவது

பிற நாட்டாரும் தத்தம் ஊர் ஆட்டங்களை இந்நோக்கத்துடன் சோதித்துள்ளனர். கிரேக்க நாட்டின் மரபு நடனங்களை 26 முதியோரைக் கொண்டு சோதித்த ஆய்வொன்று 2009-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பகுதியினர் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 10 வாரங்கள் ஆடினர்; மற்றப் பகுதியினர் ஆடவில்லை. ஆடியவர்கள் ஒற்றைக் காலில் நிற்கையில் உடலின் தள்ளாட்டம் குறைந்திருந்தது. அதே ஆண்டில் துருக்கி நாட்டில், 65 வயதைக் கடந்த பெண்களிடம் அந்நாட்டு நாட்டுப்புற நடனத்தை 8 வாரம் பழக்கிப் பார்த்தபோதும் சமநிலையில் முன்னேற்றம் காணப்பட்டது.

இவை சிறிய ஆய்வுகள். பெரிய தொகுப்பாய்வு ஒன்றைக் காக்ரேன் என்னும் அமைப்பு 2019-இல் வெளியிட்டது. 108 ஆய்வுகளையும் 23,407 பேரையும் உள்ளடக்கிய அத்தொகுப்பின்படி, சமநிலைப் பயிற்சியும் எழுதல், நடத்தல் போன்ற அன்றாட அசைவுகளின் பயிற்சியும் முதியோர் விழுவதை நூற்றுக்கு 24 பங்கு குறைக்கின்றன. ஆனால் நடனத்தை மட்டுமே முதன்மையாகக் கொண்ட பயிற்சியால் விழுதல் குறையுமா என்று உறுதிகூறச் சான்று போதாது என்பதையும் அதே தொகுப்பு தெரிவிக்கிறது.

இதனை மறைக்காமல் சொல்வது நம் கடமை. கும்மியடித்தால் ஒருவரும் விழமாட்டார் என்று நாம் வாக்களிக்கவில்லை. ஆட்டம் சமநிலையைத் திருத்துகிறது. மக்களைத் தவறாமல் வரவழைக்கிறது. அதனோடு கால் வலுப்பெறும் சில அசைவுகளையும் சேர்த்துக்கொண்டால் பயன் உறுதிப்படும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறையும், 65 வயதைக் கடந்தோர் சமநிலைக்கும் வலிமைக்குமான கலப்புப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளேனும் செய்யவேண்டும் என்கிறது.

ஆணும் பெண்ணும் ஆடலாம்

'ஆண்கள் கும்மியடிப்பதா? வயதான பெண்கள் பலர் முன் ஆடுவதா?' என்னும் கூச்சம் நம் ஊர்களில் இயல்பு. கோயம்புத்தூர் மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் எம். பத்ரப்பன் அவர்களின் வாழ்வு இதற்கு விடை கூறும். முருகன் - வள்ளி கதையைப் பாடி ஆடும் அக்கும்மி மிகுதியும் ஆண்களே ஆடிவந்தது. அதில் பெண்களையும் சேர்த்துப் பயிற்றுவித்தவர் அவர். 2024-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றபோது வயது 87. ஓரிடத்தில் கும்மி பெண்களுக்குரியது, மற்றோரிடத்தில் ஆண்களுக்குரியது. ஆகவே, 'இன்னார்தாம் ஆடவேண்டும்' என்பது பழக்கத்தால் வந்ததேயன்றி ஆட்டத்தின் இலக்கணமன்று.

எட்டு வாரப் பயிற்சி முறை

வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினால் போதும். முதல் ஐந்து நிமிடம் மெல்ல நடக்கவேண்டும். அடுத்த பத்து நிமிடம் காலுக்கு வலுவூட்டவேண்டும்: முக்காலியில் அமர்ந்து கையூன்றாமல் எழுதல் பத்து முறை, சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல் பத்து முறை, இடையிடையே ஓய்வு. பின் இருபது நிமிடம் ஆட்டம். இறுதி ஐந்து நிமிடம் நடந்து ஆறுதல்.

முதல் இரு வாரம்: வட்டமாகக் கைகோத்து நின்று, வலப்புறம் எட்டு அடி, இடப்புறம் எட்டு அடி வைக்கவேண்டும். ஒரு காலில் எடை முழுதும் ஊன்றிய பின்னரே மறு காலை எடுக்கவேண்டும். குனிதல் வேண்டாம்.

மூன்றாம், நான்காம் வாரம்: கையை விட்டுக் கும்மி. முதலில் மார்புக்கு நேராகக் கொட்டுதல். பழகிய பின் முழங்காலைச் சற்று மடித்துத் தாழக் கொட்டி, நிமிர்ந்து உயரக் கொட்டுதல்.

ஐந்தாம், ஆறாம் வாரம்: ஒரு முழத்துக்கு மிகாத கோல்களைக் கொண்டு கோலாட்டம். முதல் வாரம் நின்ற இடத்திலேயே இருவர் இருவராகத் தட்டலாம். அடுத்த வாரம் அடிவைத்து இணைமாறலாம்.

ஏழாம், எட்டாம் வாரம்: வரிசையாக நின்று நான்கு அடி முன்னும் நான்கு அடி பின்னுமாக ஒயில் நடை. பிறகு, எதிரேயுள்ள ஒரு பொருளில் கண்ணை நிறுத்தி, மெதுவாக அரைச்சுற்றுத் திரும்புதல். இறுதியில், சும்மாட்டைத் தலையில் வைத்து, ஒரு காலின் விரலை மறு காலின் குதிகால் தொடும்படி பத்து அடி நடத்தல்.

பாட்டு அவரவர் ஊர்ப் பாட்டாக இருக்கட்டும். பாடிக்கொண்டே ஆட முடிந்தால் வேகம் சரியானது. பாட்டு மூச்சில் தடைப்பட்டால் வேகத்தைக் குறைக்கவேண்டும். வலப்புறம் எத்தனை சுற்றோ அத்தனை சுற்று இடப்புறமும் ஆடவேண்டும். எட்டு வாரம் முடிந்ததும் நிறுத்திவிட்டால் பெற்ற பயன் மெல்லக் கரையும். அதன் பிறகும் தொடர்வதே பயிற்சியின் உயிர்.

எச்சரிக்கை

சமமான, உலர்ந்த தரையில், பகல் வெளிச்சத்தில் ஆடவேண்டும். தரையில் சாக்கோ பாயோ விரித்தல் ஆகாது, கால் சிக்கும். சேலையும் வேட்டியும் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். பாதம் மரத்தவர்கள் வழுக்காத செருப்பை அணியவேண்டும். முதியோர் இருவருக்கிடையே இளையவர் ஒருவர் நிற்பது நலம். அண்மையில் எலும்பு முறிந்தவர், அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர், நெஞ்சுவலி உள்ளவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே சேரவேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் உறக்கத்துக்கும் உண்ணும் சில மருந்துகள் எழுந்து நிற்கையில் மயக்கம் தருவதுண்டு; அதையும் மருத்துவரிடம் கூறவேண்டும். யாரும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றவேண்டாம்.

சங்கம் செய்யத்தக்கது

1904-ஆம் ஆண்டில் நம் மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது அதன் பணி கடன் வழங்குதல். நூலும் விதையும் உரமும் பின்னர்ச் சேர்ந்தன. அங்கத்தினரின் உடல் தளர்ந்தால் இவையெல்லாம் யாருக்கு? சங்கக் கட்டடத்தின் முன்றிலை வாரத்தில் மூன்று மாலை திறந்துவைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மூங்கிற்கோல் சிலவும் முக்காலி சிலவும் வாங்கினால் போதும். ஊரில் கும்மி அறிந்த மூதாட்டிகள் இன்னும் இருப்பர். அவர்களையே ஆசிரியராக அமர்த்தலாம். பள்ளி விழாவில் பேரப்பிள்ளைகள் ஆடக் கண்டு கைதட்டிய கைகள் தாமும் கொட்டிப் பழகட்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துவோம். சங்கத்தில் பங்கு பெற்றவர் யாவரும் அவ்வட்டத்தில் நிற்க உரியவர். தெருவுக்கொரு வட்டம், தொழிலுக்கொரு வட்டம் என்று பிரிந்தால் அது கூட்டுறவாகாது. கும்மியில் பக்கத்தில் நிற்பவர் கைகோத்துத் தாங்கினால்தான் முதல் இரு வாரமும் நடக்கும்.

திண்ணையிலிருந்து இறங்கி விழுந்த மீனவரை மீண்டும் நினைப்போம். படகை விட்ட அன்றே இத்தகைய வட்டமொன்று அவரை அழைத்திருந்தால், அவர் கால்கள் கற்றதை இவ்வளவு விரைவில் மறந்திரா.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. உடலின் சமநிலையைக் காக்கும் மூன்று காவலர் எவை? இருட்டில் நடக்கையில் எது உதவாது?

2. நம் தொழிலில் எந்த அசைவு மிகுதி, எந்த அசைவு இல்லை? இல்லாததை எந்த ஆட்டம் நிறைவு செய்யும்?

3. ஆட்டத்தோடு காலுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் ஏன் சேர்க்கவேண்டும்?

4. நம் ஊரில் கும்மியும் கோலாட்டமும் அறிந்த முதியவர் யாவர்? அவர்களை அழைத்துவரும் பொறுப்பை ஏற்பவர் யார்?

5. நம் சங்கத்தில் 60 வயதைக் கடந்த அங்கத்தினர் எத்தனை பேர்? கடந்த ஓராண்டில் அவர்களுள் விழுந்தோர் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்துக்குள் வீடுவீடாகச் சென்று இதனைக் கேட்டறிய முன்வருபவர் யார்?